வலி ஓரிடம்... வில்லன் வேறிடம்! தசை முடிச்சுகளை வீட்டிலேயே தளர்த்துவது எப்படி?

இரவு 10 மணி. பாத்திரம் தேய்த்து, அடுப்பு மேடையைத் துடைத்து, சமையலறை லைட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு.

``ஏங்க, கழுத்துல கல்லு மாதிரி என்னமோ உருளுது. கொஞ்சம் அமுக்கி விடுங்களேன்.''

``எங்க, இங்கயா?''

``அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அதேதான். ஐயோ, மெதுவா!''

இது பல வீடுகளில் தினமும் கேட்கும் உரையாடல்தான். சில வீடுகளில் கணவர், சில வீடுகளில் மகள், சில வீடுகளில் முதுகில் ஏறி மிதிக்கும் பேரப்பிள்ளை. இரண்டு நிமிடம் அமுக்கினால் அப்பாடா என்றிருக்கும். மறுநாள் மாலை, அதே இடத்தில் அதே கல்.

அப்படி அமுக்கும்போது ஒரு விநோதம் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? விரல் இருப்பது தோளில். ஆனால், வலி காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப் பொட்டில் போய் `விண்'ணென்று தெறிக்கும். `காலையில இருந்து படுத்துற தலைவலி இதேதான்' என்று சட்டென உறைக்கும். நாள் முழுக்க நெற்றியில் தைலம் தேய்த்தும், மாத்திரை போட்டும் போகாத வலிக்கு, ஒருவேளை தோளில்தான் காரணம் இருக்கிறதோ?

இருக்கலாம். இந்தக் கேள்வியைத்தான் ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திக்கொண்டு போனார். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு ஜனாதிபதியே ஆடும் நாற்காலி வாங்கினார்.

நரம்பு சுருட்டிக்கிச்சா?

முதலில் ஒரு தெளிவு. நம் ஊரில் இந்த உருண்டைக்கு ஏகப்பட்ட பெயர்கள். `நரம்பு சுருட்டிக்கிச்சு', `வாயுப் பிடிப்பு', `சுளுக்கு', `ரத்தம் கட்டிடுச்சு'. இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்தாது. கையில் தட்டுப்படுவது நரம்பு அல்ல, தசை. வயிற்றில் இருக்கும் வாயு தோளுக்கு வந்து உருண்டையாக உட்காராது. சுளுக்கு என்பது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் திடீரென இழுபடுவது. அது வேறு சமாசாரம்.

தசை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. வேலை செய்யும்போது இழைகள் சுருங்கும், வேலை முடிந்ததும் தளரும். சில நேரங்களில், ஒரு சிறு பகுதி இழைகள் மட்டும் தளராமல் இறுகியே நின்றுவிடுகின்றன. தசைக்கு நடுவே விறைப்பான ஒரு கயிறு ஓடுவதைப் போலவும், அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் பட்டாணி அளவுக்கு முடிச்சு விழுந்ததைப் போலவும் விரலுக்குத் தெரியும். அந்தப் புள்ளியை அழுத்தினால் ஆளே துள்ளுவார். இதைத்தான் மருத்துவர்கள் `ட்ரிகர் பாயின்ட்' என்கிறார்கள். ட்ரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. விசையை அழுத்துவது இங்கே, குண்டு பாய்வது வேறெங்கோ. இந்த வலிக்கும் பொருத்தமான பெயர்தான்.

முடிச்சு என்று சொன்னாலும், உள்ளே நூல் முடிச்சைப் போல எதுவும் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. இறுகிய இழைகள் தம்மைச் சுற்றியுள்ள நுண் ரத்தக்குழாய்களை நெரிக்கின்றன, ரத்த ஓட்டம் குறைகிறது, ஆக்சிஜன் குறைகிறது, தளர்வதற்குத் தேவையான சக்தியே இல்லாமல் தசை மேலும் இறுகுகிறது, வலியைத் தூண்டும் ரசாயனங்கள் அங்கே சேர்கின்றன. இதுதான் பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஜெய் ஷா குழுவினர் 2005-ல், தலைமுடி போன்ற மெல்லிய ஊசியை இந்தப் புள்ளிகளுக்குள் செலுத்தி அங்குள்ள திரவத்தைச் சோதித்தார்கள். வலிக்கும் புள்ளியில் இருந்த ரசாயனங்களின் அளவு, சாதாரணத் தசையில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அப்படியானால் `லாக்டிக் அமிலம் தேங்கி முடிச்சாகிறது' என்று ஜிம்மில் சொல்வது? அது பழைய கதை. உடற்பயிற்சியில் உருவாகும் அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கலந்து போய்விடும். நாள்கணக்கில் உருண்டையாகத் தங்காது.

ஜனாதிபதியின் முதுகு

டாக்டர் ஜேனட் ட்ராவெல். 1901-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பாவும் மருத்துவர். தசைவலி என்றால் `வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்' என்று மற்ற மருத்துவர்கள் ஒதுக்கிய காலத்தில், அதையே தன் துறையாக எடுத்துக்கொண்டார் ஜேனட். நோயாளிகளின் தசைகளை விரலால் தடவித் தடவி, எந்தத் தசையில் உள்ள புள்ளி எங்கே வலியை அனுப்புகிறது என்று வரைபடம் போட்டார்.

இது கற்பனை அல்ல என்பதற்கு அப்போதே ஓர் ஆதாரம் இருந்தது. 1938-ல் லண்டனில் ஜோனஸ் கெல்கிரென் என்ற இளம் மருத்துவர், தன் தசைகளிலும், ஆய்வுக்கு முன்வந்தவர்களின் தசைகளிலும் அடர்த்தியான உப்புக் கரைசலை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். குத்தியது ஓரிடம். வலி தெரிந்ததோ, பல நேரங்களில் தூரத்தில் வேறோர் இடம். தசையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வரும் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. எந்த வாசலில் இருந்து அழைப்பு வந்தது என்று மூளை குழம்பிவிடுகிறது. மாரடைப்பின்போது இடதுகை வலிப்பதும் இதே குழப்பத்தால்தான்.

1955-ல் ட்ராவெலிடம் ஒரு நோயாளி வந்தார். வயது 38 நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு முதுகெலும்பில் நடந்த அறுவை சிகிச்சையால் கிருமித்தொற்று ஏற்பட்டு சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர். பெயர், செனட்டர் ஜான் எஃப். கென்னடி. ட்ராவெல் அவரது முதுகுத் தசைகளில் இருந்த வலிப்புள்ளிகளில் புரோக்கைன் என்ற மரப்பு மருந்தை ஊசியாகப் போட்டார். அதோடு நிற்கவில்லை. கென்னடியின் இடதுகால் வலதுகாலைவிடச் சற்றுக் குட்டை என்று கண்டுபிடித்து, ஷூவுக்குள் குதிகாலைச் சற்று உயர்த்த ஏற்பாடு செய்தார். தன் கிளினிக்கில் கிடந்த ஆடும் நாற்காலியைக் காட்டி, அதையே பயன்படுத்தச் சொன்னார். அசையாமல் உட்கார்ந்தால் இறுகும் முதுகுத் தசைகள், ஆடும்போது மாறி மாறிச் சுருங்கித் தளரும். பிற்பாடு வெள்ளை மாளிகையில் கென்னடி உட்கார்ந்த அந்த நாற்காலி உலகப் புகழ்பெற்றது.

கென்னடி 1961-ல் ஜனாதிபதியானதும் ட்ராவெல் வெள்ளை மாளிகையின் மருத்துவரானார். அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு பெண் தனி மருத்துவராவது அதுவே முதல் முறை.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். ஆனால், அதே ஆண்டு மே மாதம் கனடாவில் மரம் நடும் விழாவில் மண்வெட்டியைப் பிடித்தபோது கென்னடியின் முதுகு மறுபடியும் மோசமானது. ஊசி போட்டால் வலி குறையும், பிறகு திரும்பும். மற்ற மருத்துவர்கள் கேள்வி எழுப்பினார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஹான்ஸ் க்ராஸ் என்பவரை அழைத்து வந்தார்கள். இவர் மருத்துவர் மட்டுமல்ல, பாறை ஏறும் வீரரும்கூட. `உங்கள் தசைகள் பலவீனமாகவும் விறைப்பாகவும் இருக்கின்றன' என்பதுதான் அவரது கணிப்பின் சாரம். வாரத்துக்கு மூன்று முறை, வெள்ளை மாளிகை நீச்சல் குளத்தை ஒட்டிய சிறிய ஜிம்மில் கென்னடி நீட்சிப் பயிற்சிகள் செய்தார். முதுகு தேறியது.

வீட்டில் நாம் அமுக்கிவிட்டும் மறுநாள் வலி திரும்புவதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. அழுத்தம், ஊசி, மசாஜ் எல்லாம் பூட்டைத் திறந்துவிடும். திறந்த தசையை அசைக்காமல், அதே நாற்காலியில் அதே கோணலில் போய் உட்கார்ந்தால், பூட்டு மறுபடியும் விழும்.

பலூன் மனிதரும் பியானோக்காரரும்

ட்ராவெல் வரைந்த வலி வரைபடத்தை உலகுக்குக் கொண்டு சேர்த்தவர் டேவிட் சைமன்ஸ். இவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1957 ஆகஸ்டில் ஒரு பலூனில் தனியாளாகச் சுமார் 31 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், 32 மணி நேரம் கழித்து இறங்கியவர். வானத்தை அளந்த மனிதர், பின்னாளில் ட்ராவெலின் உரையைக் கேட்டுத் தசைக்குள் இறங்கிவிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய தடிமனான மருத்துவ நூலின் முதல் தொகுதி 1983-லும், இரண்டாம் தொகுதி 1992-லும் வந்தன. ட்ராவெலுக்கு அப்போது 90 வயது.

அந்த நூல் மருத்துவர்களுக்கானது. அதைச் சாமானியரின் கைக்குக் கொண்டு வந்தவர் மருத்துவரே அல்ல. கிளேர் டேவிஸ், பியானோ பழுதுபார்ப்பவர். தோள்வலியால் தவித்த அவர், ட்ராவெல் - சைமன்ஸ் நூலைப் படித்துத் தன் கையாலேயே தன் தோளைச் சரிசெய்துகொண்டார். அந்த அனுபவத்தை வைத்து 2001-ல் அவர் எழுதிய பயிற்சிப் புத்தகம்தான், `நமக்கு நாமே அழுத்திக்கொள்ளும்' முறையைப் பரவலாக்கியது.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தனிச் சிகிச்சையே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று நீளும் அதன் ஒன்பது வகைகளில் `அழுத்தல்' ஒன்று, `இழுத்தல்' இன்னொன்று. அழுத்தியபின் இழுத்து நீட்ட வேண்டும் என்றுதான் இன்றைய பிசியோதெரபிஸ்ட்டுகளும் சொல்கிறார்கள்.

எங்கே வலித்தால் எங்கே தேடுவது?

ட்ராவெலின் வரைபடத்தில் சில இடங்கள் குடும்பத்தில் ஒருவருக்காவது பொருந்தும்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சரிவாக இருக்கும் தசை ட்ரபீசியஸ். ஹேண்ட்பேக் மாட்டும் இடம். இதில் முடிச்சு விழுந்தால் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, பொட்டில் போய் நிற்கும். `டென்ஷன் தலைவலி' என்று நாம் சொல்வதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கலாம். மண்டை ஓடும் கழுத்தும் சேரும் பள்ளத்தில் உள்ள குட்டித் தசைகள், கண்வரை வலியை அனுப்பும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள் `கண்ணு வலி' என்று கண்ணாடியை மாற்றுவதற்கு முன் இங்கேயும் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம்.

தோள்பட்டை எலும்பின் மேல், முதுகுப் பக்கம் இன்ஃப்ராஸ்பினேட்டஸ் என்ற தசை இருக்கிறது. இதில் உள்ள புள்ளி தோளின் முன்பக்கம் ஆழமாக வலிக்கும், கைவரை இறங்கும். வலிக்கும் முன்பக்கத்திலேயே தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். காரணம் பின்னால் இருக்கும்.

தாடைத் தசை இன்னும் வேடிக்கை. இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பவர்களுக்கும் கன்னத்துத் தசை இறுகி, பல்வலியைப் போலவே வலிக்கும். பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து `பல் நல்லா இருக்கே' என்று சொன்ன பிறகும் வலி இருந்தால், இதைச் சந்தேகிக்கலாம். (பல் டாக்டரைப் பார்ப்பதுதான் முதலில். வரிசை மாறக் கூடாது.)

பின்புறத்துத் தசைகளில், குறிப்பாகக் குளூட்டியஸ் மினிமஸில் விழும் முடிச்சு, காலின் வெளிப்பக்கமாகக் கணுக்கால்வரை வலியை ஓடவிடும். அப்படியே சயாட்டிகா மாதிரியே இருக்கும். தடித்த பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பைக், ஆட்டோ ஓட்டும் ஆண்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைத்திருக்கும் அம்மாக்களுக்கு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள தசை இறுகி, இடுப்பிலும் பின்புறத்திலும் வலி வரும். கெண்டைக்கால் தசையின் முடிச்சு குதிகால் வரை வலிக்கும். நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் துணிக்கடை ஊழியர்களுக்கு இது தெரிந்த வலிதான்.

அமுக்குவது எப்படி?

பலம் காட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. `நல்லா அழுத்து, இன்னும் அழுத்து' என்று கேட்டு, மறுநாள் கன்றிப்போன தோளோடு எழுவோம். தாங்க முடியாத வலிக்கு 10 மதிப்பெண் என்றால், அழுத்தும்போது தெரியும் வலி 5 அல்லது 6-ல் இருந்தால் போதும். `வலிக்குது, ஆனா சுகமா இருக்கு' என்பதுதான் அளவு. மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், முகத்தைச் சுளிக்கிறோம் என்றால் அழுத்தம் அதிகம். தசை தற்காப்புக்காக மேலும் இறுகும்.

இரண்டாவது, தசை தளர்வாக இருக்க வேண்டும். தோளை அழுத்துவதென்றால், அந்தப் பக்கக் கையை நாற்காலிக் கையின் மீதோ தலையணை மீதோ வைத்து, பாரத்தை இறக்கிவிட வேண்டும். மற்றொரு கையின் விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே தோள் தசையைக் கொத்தாகப் பிடித்து, மெள்ள உருட்டினால் விறைத்த கயிறு தட்டுப்படும். அதன் வழியே போனால் `ஆ' என்று சொல்லவைக்கும் புள்ளி கிடைக்கும். அங்கே 30 முதல் 60 விநாடிகள் ஒரே சீராக அழுத்தம். மூச்சு இயல்பாகப் போய்வரட்டும். மெள்ள மெள்ள வலி மங்குவது தெரியும். மங்கியதும் கையை எடுத்துவிடலாம். அதே புள்ளியில் 10 நிமிடம் நின்று போராடத் தேவையில்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

முடித்ததும் எழுந்து போய்விடக் கூடாது. தோளை நாலைந்து முறை சுழற்றி, தலையை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து 20 விநாடிகள் மெள்ள நீட்ட வேண்டும். வீட்டில் பலரும் விட்டுவிடும் பாதி இதுதான்.

முதுகுக்குக் கை எட்டாது. அதற்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். பந்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸின் நுனியைக் கையில் பிடித்தபடி தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றால் பந்து நழுவாது. முழங்காலைச் சற்று மடக்கி, மேலும் கீழும் அசைந்தால் பந்து தானே புள்ளியைக் கண்டுபிடிக்கும். முதுகெலும்பின் மீது மட்டும் பந்து படக் கூடாது. எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் வைக்க வேண்டும். பின்புறத்துக்கும் இதே பந்து, இதே சுவர். தரையில் படுத்துச் செய்தால் முழு உடல் எடையும் பந்தின் மேல் இறங்கும். ஆரம்பத்தில் வேண்டாம்.

தொடைக்குச் சப்பாத்திக்கட்டை. தாடைக்கு இரண்டு விரல்கள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் இடம்தான் தசை. கடிப்பதை விட்டு, வாயைத் தளர்வாக வைத்துக்கொண்டு அங்கே வட்டமாக மெள்ளத் தேய்க்கலாம்.

எண்ணெய் அவசியமா? நீவிவிடுவதற்கு எண்ணெய் நல்லது, சருமம் உராயாது. ஆனால், புள்ளியைப் பிடித்து அழுத்தும்போது எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கும். நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்ற விவாதம் அவரவர் மாமியாரோடு நடத்திக்கொள்ள வேண்டியது. அழுத்துவதற்கு முன் 15 நிமிடம் வெந்நீர்ப் பை வைத்தால் தசை இளகும். தைலம் தேய்த்த இடத்தின் மேல் மட்டும் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. தோல் வெந்துபோகும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சூடு எவ்வளவு என்றே தெரியாது. அவர்களுக்கு வெந்நீர்ப் பையை வேறொருவர் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும் மசாஜ் கன், தொடை, பின்புறம் போன்ற தடித்த தசைகளுக்குப் பரவாயில்லை. கழுத்துக்கு விரலே பாதுகாப்பு.

கை வைக்கவே கூடாத நேரங்கள்

`வாயுப் பிடிப்பு' என்ற சொல் நம் ஊரில் செய்யும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சில் பாரம், இடதுகை வலி, தாடை வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல். இவற்றை `பிடிப்பு'தான் என்று நினைத்து, பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு முதுகை நீவிக்கொண்டிருந்தால், போவது உயிர் காக்கும் நேரம். நெஞ்சைச் சுற்றிய வலி எதுவானாலும் முதலில் இ.சி.ஜி. இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தசையைப் பற்றிப் பேச்சு. அறிகுறிகள் கடுமையாக இருந்தால் 108.

ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அமுக்கவே கூடாது. ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். நீண்ட பஸ், விமானப் பயணம் முடிந்தவர்கள், பிரசவம் ஆனவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மூளைக்கு ரத்தம் போகும் பாதை. அங்கே அழுத்தம் வேண்டாம். முடிவெட்டி முடித்ததும் `தல்லை'யாகக் கழுத்தைத் திருப்பி `டக்'கென்று சொடக்கெடுக்கும் பழக்கம் இன்னும் பல சலூன்களில் இருக்கிறது. கேட்க சுகமான சத்தம்தான். ஆனால், திடீரெனக் கழுத்தைத் திருகும்போது ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. `வேணாம்ணே' என்று சொல்லிவிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகமுள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும். முதுகுவலியோடு கால் வலுவிழப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது என்றால் அது அவசர சிகிச்சை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவையும் பந்தும் சுவருமாகத் தீர்க்கும் விஷயங்கள் அல்ல.

எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்களா?

இல்லை. ரத்தப் பரிசோதனையிலோ வழக்கமான ஸ்கேனிலோ இந்த முடிச்சு தெரிவதில்லை. விரல்தான் கருவி. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தொட்டுப் பார்த்தால், இருவரும் ஒரே புள்ளியைக் காட்டுவார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் குவின்ட்னர், மில்டன் கோஹன் ஆகியோர் பல ஆண்டுகளாகவே இதை எதிர்த்து வாதாடுகிறார்கள். வலி உண்மை, ஆனால் அதன் மூலம் தசையில் இருக்கும் புள்ளிதான் என்ற கோட்பாடு நிரூபணமாகவில்லை என்பது 2015-ல் வெளியான அவர்களது விமர்சனக் கட்டுரையின் சாரம்.

மசாஜுக்கும் இதே நிலைதான். அதே 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இடுப்புவலிக்கு மசாஜ் எவ்வளவு உதவுகிறது என்று பார்த்தது. கொஞ்ச நாள்களுக்கு வலி குறைகிறது, நீண்டகாலப் பலன் உறுதியாகவில்லை, ஆய்வுகளின் தரமும் போதாது என்பதே கிடைத்த பதில். அதனால், `பத்தே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு' என்று பேக்கேஜ் விற்கும் இடங்களில் பர்ஸை மூடிக்கொள்வது நல்லது. அரை மணி நேரம் வலி குறைந்தால், அந்த அரை மணி நேரத்தில் தசையை நீட்டி அசைக்க முடிகிறது. மசாஜின் உண்மையான பயன் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு எங்கிருந்து வருகிறது?

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது?

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக வைத்திருக்கும்வரை கழுத்துக்குச் சிரமமில்லை. 60 டிகிரி குனிந்து செல்போனைப் பார்க்கும்போது கழுத்தின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 27 கிலோவுக்குச் சமம் என்று நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். இது கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, ஆள்களின் கழுத்தில் அளந்தது அல்ல. கிலோ கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். குனிந்தே இருக்கும் கழுத்துத் தசை மணிக்கணக்கில் தளரவே இல்லை என்பதில் சந்தேகமில்லை.

செல்போனை மட்டும் குறை சொல்லி மற்றவர்களைத் தப்பவிடவும் முடியாது. பனியன் கம்பெனியில் தையல் மெஷினுக்கு மேல் 8 மணி நேரம் குனியும் பெண், சமையல் மேடை உயரம் பொருந்தாமல் தோளைத் தூக்கியே காய் நறுக்கும் அம்மா, ஒற்றைத் தோளில் ஸ்கூல் பேக் மாட்டும் ஒன்பதாம் வகுப்புப் பையன், காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டுபவர் (இதற்குக் கழுத்துவலியைவிடப் பெரிய தண்டனைகள் இருக்கின்றன) என்று எல்லோருக்கும் ஒரே பிரச்னைதான். தசைக்கு வேலை செய்வது கஷ்டமில்லை. அசையாமல் தாங்கிக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம்.

செலவில்லாத மாற்றங்கள் சில இருக்கின்றன. போனைக் கண்ணுக்கு நேராக உயர்த்தலாம். பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றலாம். குழந்தையை அடிக்கடி இடுப்பு மாற்றி வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, தோளைச் சுழற்றிவிட்டு உட்காரலாம். தையல் மெஷின் முன் இருப்பவருக்கு எழுந்துபோகும் சுதந்திரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், பாபின் மாற்றும் அந்தச் சில விநாடிகளில் தோளைக் காதுவரை தூக்கி இறக்க முடியும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வலி குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டையோ எலும்பு, தசை மருத்துவரையோ பார்க்கலாம். சில பிசியோதெரபிஸ்ட்டுகள் மருந்தில்லாத மெல்லிய ஊசியை முடிச்சில் குத்தி எடுக்கும் `ட்ரை நீட்லிங்' சிகிச்சை தருகிறார்கள். அதை முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், 2021-ல் தொடங்கப்பட்ட `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். போகும்போது எந்த இடம் வலிக்கிறது என்பதோடு, எந்த இடத்தை அமுக்கினால் அந்த வலி வருகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.